சாக்கடைக் கட்டணம்

வீடு வாங்கும்போது கொடுக்கிற பத்திரங்களை முழுசாகப் படிக்கிறவர்கள் குறைவு. நான் படித்தேன். பயத்தில்தான். 2022 பிப்ரவரி. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா கவுண்ட்டியில், 1940களின் கடைசியில் கட்டிய மூன்று படுக்கையறை வீடு ஒன்றுக்கு நாங்கள் சொன்ன விலையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்பா தன் வாழ்நாளில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப்போலப் பல மடங்கு கடனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். மனைவியும் பையனும் தூங்கிய பிறகு, சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றபடியே டைட்டில் கம்பெனி அனுப்பிய பி.டி.எஃப்.பைத் திறந்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம். ஆபீசில் அடுத்தவர் எழுதிய கோடை வரிவரியாகப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. அந்தப் பழக்கத்தில் ஒரு பக்கம்கூடத் தாண்டாமல் போனேன்.

பாதிக்குமேல் டைப்ரைட்டரில் அடித்த பழைய பக்கங்கள் வந்தன. ஸ்கேன் கோணலாக விழுந்திருந்தது. மனை வாங்குகிறவர்கள் பின்பற்ற வேண்டிய நிபந்தனைகள். வீடு சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும், கோழி வளர்க்கக் கூடாது, விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. அதே தொனியில், அதே எழுத்தில், கோழிக்குக் கொஞ்சம் கீழே அடுத்த நிபந்தனை. வெள்ளை அல்லது காகேசிய இனத்தைச் சேராத எவரும் இந்த மனையிலோ இதில் கட்டும் கட்டடத்திலோ குடியிருக்கக் கூடாது. வீட்டுக்காரரிடம் வேலை பார்க்கும் வேற்றினத்து வேலையாட்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

இரண்டு தடவை படித்தேன். மனைவியை எழுப்பலாமா என்று யோசித்து, எழுப்பினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்துவிட்டு, "அப்போ உங்கள வேலைக்காரனா வெச்சுக்கிட்டா நான் இருக்கலாமா?" என்றாள். "நீயும் வேற்றினம்தான்" என்றேன். "அப்போ பேங்க்கு ஓனர். நாம ரெண்டு பேரும் அதுக்கு வேலைக்காரங்க. சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பழைய பக்கங்களுக்கு முன்னால் ஒரு முகப்புத்தாள் இருந்தது. இந்த ஆவணத்தில் இனம், நிறம், மதம் போன்றவற்றின் அடிப்படையில் தடை ஏதும் இருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது, செல்லாது என்ற அறிவிப்பு. கலிஃபோர்னியாவில் அந்தத் தாள் இல்லாமல் இத்தகைய பத்திரத்தைக் கொடுக்கக் கூடாது. காலையில் எங்கள் ஏஜென்ட்டைக் கேட்டேன். தமிழர்தான். "அதெல்லாம் ஸ்டாண்டர்டுங்க. பழைய வீடுன்னா பாதிக்கு இருக்கும். கண்டுக்காதீங்க. ரூஃப் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வந்துடுச்சா பாருங்க" என்றார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். திண்டுக்கல்லில் இரண்டு பிள்ளைகளோடு நாலு வாடகை வீடு மாறியவள் அவள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதல் கேள்வி வாடகையைப் பற்றி இருக்காது. "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொன்ன பிறகு, "போன வாரந்தான் வேற ஆளுக்கு வாக்குக் கொடுத்துட்டோம்மா" என்று இழுப்பார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எழுதியே வச்சுட்டாய்ங்களா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். "பரவால்லப்பா. நம்மூர்ல எவன் எழுதித் தர்றான்? அலைய விட்டுல்ல சொல்றாய்ங்க."

வீட்டை வாங்கிவிட்டோம். அந்த நிபந்தனையைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டு நாலு பத்தி எழுதினேன். நிறைய லைக் வந்தது. பொது நூலகத்தில் ரிச்சர்ட் ரோத்ஸ்டைன் எழுதிய 'தி கலர் ஆஃப் லா' புத்தகத்தை எடுத்து இரண்டே வாரத்தில் முடித்தேன். 2017இல் வந்தது. அமெரிக்க நகரங்களில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே வாழ்வது தற்செயலாகவோ, தனிமனிதர்களின் விருப்பத்தாலோ மட்டும் நடந்ததல்ல, அரசாங்கமே சட்டமும் பணமும் கொடுத்துச் செய்த வேலை என்று ஊர் ஊராக ஆதாரம் வைக்கிற புத்தகம்.

எனக்குப் புரிந்த வரையில் அதன் இயங்குமுறை இது. 1930களுக்கு முன் அமெரிக்காவில் ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டுக்கடன் வாங்குவது கஷ்டம். விலையில் பாதியைக் கையிலிருந்து போட வேண்டும், மீதியைச் சில வருடங்களுக்குள் அடைக்க வேண்டும். 1934இல் ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக எஃப்.எச்.ஏ., வந்தது. கடன் வாராக்கடனானால் நாங்கள் ஈடு கட்டுகிறோம் என்று அரசு வங்கிக்கு உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகள் குறைந்த முன்பணத்தில் நீண்ட காலக் கடன் கொடுக்கத் துணிந்தன. நான் கையெழுத்துப் போட்ட முப்பது வருடக் கடன் அந்த வம்சத்தில் வந்ததுதான். ஆனால் உத்தரவாதம் கொடுக்குமுன் அந்த இடம் பாதுகாப்பான முதலீடா என்று மதிப்பிட வேண்டுமே. அதற்கு ஒரு கையேடு வைத்திருந்தார்கள். வேறு இனத்தார் அக்கம்பக்கத்தில் வந்தால் மதிப்பு விழும் என்பது அந்தக் கையேட்டின் நம்பிக்கை. வராமல் தடுக்கப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுங்கள் என்று பரிந்துரையும் அதிலேயே இருந்தது. ஆயிரக்கணக்கில் வீடு கட்டுகிற பில்டருக்கு எஃப்.எச்.ஏ. உத்தரவாதம் இல்லாமல் வங்கிப் பணம் இல்லை. ஆக, கோழிக்குக் கீழே அந்த வரி வந்து உட்கார்ந்தது யாரோ ஒரு மனை முதலாளியின் தனிப்பட்ட வெறுப்பால் மட்டும் அல்ல. படிவத்தை நிரப்பினால் கடன் கிடைக்கும். நிரப்பினார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது இது பெரிய அளவில் நடந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், 1947இல் வில்லியம் லெவிட் ஆரம்பித்த லெவிட்டவுனில் 17,447 வீடுகள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்துகொண்டே போவார்கள். ஒரு குழு தரை போடும், ஒரு குழு பெயிண்ட் அடிக்கும். முதலில் வாடகைக்குத்தான் விட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தின் 25ஆவது பிரிவு, காகேசிய இனத்தார் தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்றது. வீட்டு வேலையாட்களுக்கு விதிவிலக்கு. என் பத்திரத்தில் இருந்த அதே விதிவிலக்கு, மூவாயிரம் மைல் தள்ளி. லெவிட் யூதர். யூதர்களுக்கு வீடு விற்காத குடியிருப்புகளும் அக்காலத்தில் உண்டு. அது அவருக்குத் தெரியாததல்ல. வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இரண்டையும் சேர்த்து ஒரு கம்பெனியால் முடியாது என்பதாக அவர் வாதம் இருந்தது.

இந்தக் 'காகேசிய' என்ற சொல்லிலும் எங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், வட இந்தியரான நான் காகேசியன், ஆகவே வெள்ளையன், எனக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று கேட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பதில் கிட்டத்தட்ட இப்படி: இன ஆராய்ச்சியாளர் உன்னைக் காகேசியன் என்று சொல்லலாம், தெருவில் போகிற சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்று சொல்ல மாட்டான், சட்டம் அவனுடைய பாஷையில் எழுதியது. திந்தின் வாதத்திலும் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நான் உள்ளே இருக்க வேண்டிய ஆள் என்றுதான் கேட்டார்.

1948இல் ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கு. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கிய வீட்டின் மேல் 1911ஆம் வருடத்து நிபந்தனை இருந்தது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரத்திலும் அதே வரி இருந்திருக்கும் என்பது பரவலான ஊகம். புது நிபந்தனை எழுதிய மனைகளுக்கு உத்தரவாதத்தை நிறுத்த எஃப்.எச்.ஏ.வுக்கு 1950 பிப்ரவரி வரை ஆனது. லெவிட் 25ஆவது பிரிவை எடுத்துவிட்டார். கறுப்பினத்தாருக்கு விற்பதில்லை என்ற வழக்கத்தை எடுக்கவில்லை. பென்சில்வேனியாவில் அவர் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனுக்கு, பழைய வீட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு 1957 ஆகஸ்டில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடிவந்தது. பல வாரம் வீட்டைச் சுற்றிக் கும்பல் நின்றது, கல் விழுந்தது. போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது.

கல்லெறிகிறவர்களைப் படிக்கும்போது நமக்கு நிம்மதியாக இருக்கிறது. நாம் எறிய மாட்டோம்.

எனக்கு அதிகம் தொந்தரவு கொடுத்தது சிங் ஷெங்கின் கதை. சீனர், மனைவியோடு வந்து 1952இல் தெற்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் சவுத்வுட் என்ற புதுக் குடியிருப்பில் வீடு வாங்க முன்பணம் கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியது. மனிதருக்கு ஜனநாயகத்தின் மேல் அபார நம்பிக்கை. சரி, அக்கம்பக்கத்தார் ஓட்டுப் போடுங்கள், முடிவுக்குக் கட்டுப்படுகிறேன் என்றார். வேண்டாம் என்றவர்கள் 174 பேர். வரட்டும் என்றவர்கள் 28. கருத்தில்லை என்று 14 பேர். முடிவை அறிவித்த கூட்டத்தில் எழுந்து, உங்கள் சொத்து மதிப்பு மூன்று நாளைக்கு ஒருமுறை உயரட்டும் என்று வாழ்த்திவிட்டு அந்தத் தம்பதி வெளியேறியது. அந்த 174 பேரில் பெரும்பாலோர் மையர்ஸ் வீட்டு முன்னால் நின்றவர்களைப்போல இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள். பத்திரத்தில் அந்த வரியை எழுத முடியாது என்று ஆன பிறகு வேறு ஏதோ ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

அந்த வேறு ஏதோ ஒன்று என்ன என்பதற்கு நல்ல உதாரணம் மில்பிடாஸ். வளைகுடாப் பகுதிக்கு வந்த எந்தத் தமிழ் ஐ.டி.க்காரருக்கும் மில்பிடாஸ் தெரியும். 2012இல் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியபோது நானும் அங்கேதான் மூன்று பேரோடு ஒரு அபார்ட்மென்டில் தங்கினேன். முதல் குளிருக்கு ஜாக்கெட் வாங்கியது அங்கே இருக்கும் கிரேட் மாலில். ஏன் இந்த மால் இவ்வளவு நீளமாக, இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று அப்போதே தோன்றும். ஒரு சுற்று நடந்தால் கால் வலிக்கும். காரணம், அது மாலாகக் கட்டிய கட்டடம் இல்லை. 1955 முதல் 1983 வரை ஃபோர்ட் கார் தொழிற்சாலை. 1994இல்தான் மால் ஆனது.

தொழிற்சாலை முதலில் வடக்கே ரிச்மண்ட் நகரத்தில் இருந்தது. போர்க்காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்காகத் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். 1953இல், இடம் போதவில்லை, சுமார் 50 மைல் தெற்கே போகிறோம் என்று ஃபோர்ட் அறிவித்தது. தொழிற்சங்கம் பேசி, விரும்புகிற எல்லாருக்கும் புது இடத்திலும் வேலை உண்டு என்று உறுதி வாங்கியது. வேலை உண்டு. வீடு?

மில்பிடாஸ் அப்போது கிராமம். ஃபோர்ட் வருகிறது என்று தெரிந்ததும் 1954இல் அவசரமாக நகரமாக மாறிக்கொண்டது. புது நகர மன்றம் நிறைவேற்றிய ஆரம்பகால ஆணைகளில் ஒன்று, இங்கே அபார்ட்மென்ட் கட்டக் கூடாது, தனி வீடுகள் மட்டுமே என்பது. அதில் இனம் என்ற சொல்லே இல்லை. தனி வீடு கட்டிய பில்டர்கள் எஃப்.எச்.ஏ. உத்தரவாதத்தோடு கட்டினார்கள், வெள்ளையருக்கு விற்றார்கள். இதில் எந்த எழுத்தையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது.

தொழிற்சங்கத்தின் வீட்டுக் குழுவுக்குத் தலைவர் பென் கிராஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி. க்வேக்கர் சேவை அமைப்பு ஒன்று துணைக்கு வந்தது. எல்லா இனத்தாருக்கும் விற்கச் சம்மதித்த ஒரு பில்டரைப் பிடித்தார்கள். அவர் பட்ட பாடு இது. முதல் இடத்தில், விற்பனை எல்லாருக்கும்தான் என்று தெரிந்ததும் கவுண்ட்டி அந்த நிலத்தைக் குடியிருப்பிலிருந்து தொழிற்சாலைப் பகுதியாக மாற்றியது. இரண்டாவது இடம் மவுண்டன் வியூவில். அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக வேறொரு ஊர். அங்கே ஒரு மனையின் குறைந்தபட்ச அளவை 6,000 சதுர அடியிலிருந்து 8,000 ஆக்கினார்கள். அந்த அளவு மனை தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டாது. நாலாவது இடத்தில் நிலத்தை விற்க ஒப்புக்கொண்டவரே பின்வாங்கினார். பில்டர் கையைத் தூக்கிவிட்டார்.

பிறகு வேறொருவர் முன்வந்தார். எஃப்.எச்.ஏ. உத்தரவாதம் தராது என்பதால் நியூயார்க்கின் ஒரு பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் க்வேக்கராக இருந்த உயரதிகாரி ஒருவரைப் பிடித்துக் கடன் ஏற்பாடு செய்தார்கள். நிலம் மில்பிடாஸிலேயே கிடைத்தது. பக்கத்திலேயே டேவிட் பொஹானன் கம்பெனியின் சன்னிஹில்ஸ், வெள்ளையருக்கு மட்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு யாரும் கல்லெறியவில்லை. கழிவுநீர் வாரியம் அவசரக் கூட்டம் போட்டது. பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணத்தைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்தியது.

இதைப் படித்தபோது நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒரு பொறியாளனின் ரசனை. ஒரு ஆளைத் தடுக்க வேண்டுமானால் அவன் பெயரை நிபந்தனையில் எழுதாதே, அவனால் தாண்ட முடியாத ஒரு எண்ணை எழுது.

வழக்கு, போராட்டம், மாநில அட்டர்னி ஜெனரல் தலையீடு என்று இழுத்து, கடைசியில் தொழிற்சங்கத்தின் நெருக்கடியில் இரண்டு திட்டங்களும் இணைந்து, சன்னிஹில்ஸ் என்ற அதே பெயரில் எல்லா இனத்தாருக்குமான கூட்டுறவுக் குடியிருப்பாயிற்று. ஜெயித்தார்கள். பென் கிராஸ் பின்னாளில், 1966இல், மில்பிடாஸின் மேயராகவும் ஆனார். ஆனால் கட்டணமும் வழக்குச் செலவும் தாமதமும் வீட்டு விலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்த விலை கட்டுப்படியான கறுப்பினத் தொழிலாளிகள் கொஞ்சம் பேர்தான். ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்ற தொழிலாளியைப் பின்தொடர்ந்துதான் ரோத்ஸ்டைன் இந்தக் கதையைச் சொல்கிறார். அவருக்கு மில்பிடாஸில் வீடு அமையவில்லை. சக தொழிலாளிகளோடு ஒரு காரைப் பகிர்ந்துகொண்டு, ரிச்மண்டிலிருந்து ஒவ்வொரு நாளும் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய இருபது வருடம்.

இதெல்லாம் நான் 2022இல் படித்தது. அடுத்து வருவது 2023.

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி மூடிக் கிடந்த கடை வளாகம் ஒன்றில் ஐந்து மாடிக் குடியிருப்பு வரப்போவதாக அறிவிப்புப் பலகை வைத்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான வாடகை வீடுகள். மாலைக்குள் வாட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது. குழுவில் பாதிப் பேர் இந்தியர்கள், மீதி சீனர், வியட்நாமியர், சில வெள்ளையர். அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் அண்ணன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவர் பிள்ளைகளையும் என் பையனையும் மாறி மாறிக் கூட்டிப்போவோம். போன் செய்தார். "தம்பி, நாம எமோஷனலா பேசப்படாதுங்க. டேட்டா வேணும். உங்களுக்குத்தான் அது வரும்."

எனக்கு வரும். இரண்டு நாள் காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை முனைச் சிக்னலில் பையனோடு நின்று கார்களை எண்ணினேன். அவனுக்கு நல்ல விளையாட்டு. எக்செல்லில் போட்டு வரைபடம் ஆக்கினேன். மனுவில் போக்குவரத்துப் பத்தி என்னுடையது. பள்ளிக்கூட நெரிசல், பார்க்கிங், பின்வீடுகளுக்கு வெயில் மறைவது பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். கழிவுநீர் பற்றி எழுத ஆள் இல்லை. நகராட்சியின் பழைய திட்ட ஆவணம் ஒன்றைத் தேடியெடுத்து, இந்தப் பகுதிக் குழாய்கள் எத்தனை வருடம் பழசு, எந்த அளவு, ஐந்து மாடி ஆட்களின் சுமையைத் தாங்குமா என்று நானே ஒரு பத்தி எழுதினேன். தவறான தகவல் ஒன்றுகூட அதில் இல்லை. இன்றைக்கும் அந்தப் பத்தியில் ஒரு எண்ணை யாராலும் தப்பு என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டேன்.

எழுதும்போது மில்பிடாஸ் ஞாபகம் வரவில்லை. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன்னால் படித்த புத்தகம். அதைப் பற்றி இரண்டு நண்பர்களிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். என் மனதில் அது அவர்கள் எங்களுக்குச் செய்த கதையாகப் பதிந்திருந்தது. பத்திரத்தில் பெயர் இல்லாதவன் என்ற இடத்தில் உட்கார்ந்துதான் அதைப் படித்திருக்கிறேன். அந்த இடம் சுகமாக இருந்தது.

திட்டம் கைவிடப்படவில்லை. மாநிலச் சட்டங்கள் இப்போது அதை அவ்வளவு லேசில் விடுவதில்லை. ஆனால் பேச்சுவார்த்தையில் ஐந்து மாடி மூன்றாயிற்று. குழுவில் எல்லாரும் கைகூப்பிய ஈமோஜி போட்டுக்கொண்டோம்.

ஞாபகம் வந்தது 2024 அக்டோபரில். சான்டா கிளாரா கவுண்ட்டியின் பழைய பத்திரங்களில் இருக்கும் இனத் தடை நிபந்தனைகளைக் கண்டுபிடிக்க ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்படிப்பட்ட வரிகளைத் தேடி மறைக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் புதுச் சட்டம் கவுண்ட்டிகளைப் பணித்திருக்கிறது. 1902 முதல் 1980 வரையிலான சுமார் 52 லட்சம் பதிவுகள். ஆள் வைத்துப் படித்தால் பல வருடம். திறந்த மூலத்தில் கிடைக்கும் சின்ன மாதிரி ஒன்றை எடுத்து, இந்த வேலைக்கென்று பழக்கி, சுமார் 7,500 நிபந்தனைகளைக் கண்டெடுத்தார்கள். கல்லறை மனைப் பத்திரங்களில்கூட அந்த வரி இருந்தது. ஆபீசில் மதியம் சாப்பிடும்போது கட்டுரையைத் திறந்தேன். என் துறை அது. ஸ்கேன் கோணல், டைப்ரைட்டர் மை கசிவு எல்லாவற்றையும் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஆர்வமாகப் படித்துக்கொண்டே போனேன்.

மாதிரி தேடுவது சொற்களை. காகேசிய, வெள்ளை, வேலையாட்கள் தவிர. சொல் இருந்தால் பிடித்துவிடும். 8,000 சதுர அடியை எப்படிப் பிடிக்கும் என்று யோசித்தேன். சாக்கடைக் கட்டணத்தை? அந்த வினாடி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, 2023இன் மனுவை ஈமெயிலில் தேடி எடுத்து, நான் எழுதிய பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி வாசலில் கோயம்புத்தூர் அண்ணனிடம் சொன்னேன். மில்பிடாஸ் கதை முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர், குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னார்: "இருக்கட்டுங் தம்பி. ஆனா அவங்க வேணும்னே கட்டணத்த ஏத்துனாங்க. நாம என்ன பொய்யா சொன்னோம்? ரோடு தாங்காதுன்னோம். தாங்காதுதானுங்களே? வாழ்க்கை பூரா கடன் வெச்சு வாங்குன வீடு. இது போச்சுன்னா ஊர்ல போயி என்னத்தச் சொல்றது?" நான் பதில் சொல்லவில்லை. ரோடு தாங்காது என்பது நான் எண்ணிய கணக்கு. சவுத்வுட்டில் ஓட்டுப் போட்ட 174 பேருக்கும் வீட்டுக்கடன் இருந்தது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவரோடு சேர்த்து என்னையும்தான் சொல்லியிருப்பேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து, "எங்களுக்கு வேற வேலை இருக்குங்க, நாங்களே கூட்டிட்டுப் போயிக்கறோம்" என்று செய்தி வந்தது. சண்டை என்று சொல்ல முடியாது.

நகராட்சிக்கு எழுதி, என் கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். முடிந்துபோன கோப்பில் அதற்கு வழி இல்லை, வேண்டுமானால் புதுக் கடிதம் ஒன்றைச் சேர்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாலு வரி எழுதி அனுப்பினேன். மூன்று மாடிக்கு அஸ்திவாரம் போட்ட பிறகு வந்த கடிதம் அது.

பள்ளிக்கு முன்னும் பின்னும் என் பையனைப் பார்த்துக்கொள்ளும் மையத்தில் ஒரு அம்மா வேலை பார்க்கிறார். அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வீடு ட்ரேசியில், மலைக்கு அந்தப் பக்கம். 580 நெடுஞ்சாலையில் ஆறு மணிக்கு மேல் கிளம்பினால் இரண்டு மணி நேரம், நாலரைக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம். அதனால் நாலரைக்குக் கிளம்புவார். அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்திருந்ததாகவும் விழவில்லை என்றும் ஒருநாள் பையனின் பையை எடுத்துக் கொடுத்தபடி சொன்னார். வீடு கம்மி, ஆட்கள் ஜாஸ்தி என்றார். என் சாக்கடைப் பத்தியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லி அவர் என்ன செய்வார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் எனக்கு ஒரு காலை மீட்டிங். ஆறே முக்காலுக்கே பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். மையம் ஏழு மணிக்குத்தான் திறக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய பழைய கொரோலா மட்டும் நின்றது. முன் கண்ணாடியில் வெயில் மறைக்கும் அட்டை. இருக்கையைச் சாய்த்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பையன் அடையாளம் கண்டுகொண்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினான். எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டாத. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"ஏன்ப்பா இங்க தூங்குறாங்க? அவங்களுக்கு வீடு இல்லியா?"

"இருக்கு. தூரம்."

காருக்குள் திரும்பிப்போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சாலையில் போகிற வண்டிகளை அவனாகவே எண்ண ஆரம்பித்தான்.